ஏரி அடிச் சேறும் பழைய பருவங்களும்

 

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் குளிர்மலை ஏரிகளின் அடியில் படிந்து கிடக்கும் சேறு. அந்தச் சேற்றைக் கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய மழையையும் வெப்பத்தையும் எப்படிக் கணிக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. அந்தக் கணிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குப் பாடநூல்கள் உண்டு. இரண்டாவதற்கே இன்று கூடுதல் நேரம் தரப்போகிறேன். ஏனென்றால் பழைய தட்பவெப்பம் பற்றி நாளிதழ்களில் வரும் உறுதியான வாக்கியங்களுக்கும், அவற்றுக்குப் பின்னால் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் தயக்கத்துக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தில்தான் இந்தத் துறையின் மதிப்பு இருக்கிறது என்பது என் எண்ணம்.

சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில் உள்ள சில்ஸ்-மரியா என்னும் சிற்றூரில் 1864 முதல் வானிலையைக் குறித்து வருகிறார்கள். மலைநாட்டுக்கு இது நீண்ட பதிவு. இமயத்திலோ, 4,000 மீட்டருக்கு மேலே வானிலை நிலையங்கள் மிகக் குறைவு; இருப்பவையும் அண்மைக் காலத்தவை. ஆனால் சிந்துவும் சட்லஜும் அந்த உயரங்களின் பனியையும் வாங்கித்தான் இறங்கி வருகின்றன. அங்கே இன்று நடக்கும் மாற்றம் பழைய ஏற்ற இறக்கங்களின் எல்லைக்குள் அடங்குவதா, அதைத் தாண்டியதா என்று கேட்டால், பதில் சொல்லக் கருவிப் பதிவு போதாது. அதனால் வேறு எதையாவது கேட்க வேண்டியிருக்கிறது. மரம் இருந்தால் மர வளையத்தைக் கேட்கலாம். மரம் வளராத உயரத்தில் ஏரியைக் கேட்கிறோம்.

குளிர்மலை ஏரி இதற்கு ஏன் ஏற்றது என்று பார்ப்போம். கோடையில் பனியாறு உருகும்போது, அது தன் எடையால் அரைத்துத் தள்ளிய நுண்ணிய பாறைத் துகள் நீரோடு வந்து சேரும். அந்த ஏரிகளின் பால் கலந்த நீலப்பச்சை நிறம் அதனால் வருவதுதான். பருமனான துகள் வந்த வேகத்தில் அடியில் இறங்கிவிடும். மிக நுண்ணிய களிமண் மாதக்கணக்கில் நீரில் தொங்கிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் மேற்பரப்பு உறைந்ததும் காற்று தண்ணீரைத் தொட முடியாது, அலை அடங்கும், ஓடைகளும் நின்றுபோகும். அந்த அசைவற்ற மாதங்களில் களிமண் இறங்கிப் படியும். கோடைக்கு ஒரு பருமனான அடுக்கு, குளிருக்கு ஒரு நுண்ணிய அடுக்கு. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. சுவீடன் நாட்டு நிலவியலாளர் ஜெரார்டு டி ஹேர் 1878-இல் ஸ்டாக்ஹோம் அருகே இத்தகைய ஆண்டடுக்குகளைக் கவனிக்கத் தொடங்கினார். ஓரிடத்து வரிசையை அடுத்த இடத்து வரிசையோடு பொருத்திப் பொருத்தி, பெரும் பனித்தகடு சுவீடனைவிட்டு விலகிய வரலாற்றை ஆண்டுவாரியாகக் கட்டினார். 1910-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நிலவியல் மாநாட்டில் ஏறத்தாழ 12,000 ஆண்டுகளின் கணக்கை எடுத்துரைத்தார். கதிரியக்கக் கார்பனைக் கொண்டு காலம் கணிக்கும் முறை பிறக்க அப்போது இன்னும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இருந்தன. அடுக்குகளை எண்ணியே அந்தக் கணக்கை எட்டினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்பு கூடுகிறது.

ஆனால் எல்லா ஏரிகளும் ஆண்டடுக்கைக் காப்பதில்லை. அடியில் உயிர்வளி இருந்தால் புழுக்கள் வாழும். அவை சேற்றைக் கிளறிவிடும். பத்து, இருபது ஆண்டுகள் ஒன்றாகக் கலந்துபோகும். ஆழமும் அமைதியும் உயிர்வளிப் பஞ்சமும் சேர்ந்த ஏரிகளில்தான், அல்லது புழு கிளறி முடிப்பதற்குள் அடுத்த அடுக்கு வந்து மூடுமளவு வண்டல் கொட்டும் ஏரிகளில்தான், அடுக்குகள் தப்பும். இமயத்தில் அப்படிப்பட்டவை அரிது. இது பின்னால் நமக்குப் பெரும் தொல்லையாக வரப்போகிறது.

சேற்றை எடுக்கும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உறைந்த ஏரியானால் பனித்தளமே மேடை. துளைபோட்டுக் குழாயை இறக்கலாம். உறையாத காலமானால் மிதவை கட்டி, நான்கு பக்கமும் நங்கூரமிட்டு, காற்று எழும்முன் முடிக்க வேண்டும். டேனியல் லிவிங்ஸ்டன் 1955-இல் விவரித்த எளிய உலக்கைக் குழாயின் வழிவந்த கருவிகளே இன்றும் பெரிதும் பயனில் இருக்கின்றன. மருந்தேற்றும் ஊசிக்குழலில் இருப்பதுபோல் உள்ளே ஓர் உலக்கை உண்டு. அது சேற்றின் மேல்மட்டத்தில் அசையாமல் நிற்க, குழாய் மட்டும் கீழே இறங்கும். உள்ளே உண்டாகும் உறிஞ்சல், சேறு நசுங்காமலும் நழுவாமலும் பார்த்துக்கொள்ளும். மேலே வருவது ஒரு நீண்ட சேற்றுத் தண்டு. அதன் உச்சியில் உள்ள சில சென்டிமீட்டர் கஞ்சிபோல் இளகியிருக்கும். நமக்கு மிக அண்மைக் காலம் அதுதான் என்பதால் அதைத் தனிக்கருவியால் குலையாமல் எடுப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் தண்டை நெடுக்காகப் பிளப்பார்கள். ஒரு பாதியில் வேலை நடக்கும். மறுபாதியைத் தொடாமல், 4 டிகிரிக் குளிரறையில் வைத்துவிடுவார்கள். இன்று நமக்குத் தோன்றாத கேள்வியோடு இன்னொருவர் வருவார் என்பதற்காக வைக்கும் பாதி அது. நம் நாட்டில் இந்தக் குளிரறைகளுக்குப் பணம் ஒதுக்குவதை வீண்செலவாக நினைக்கும் போக்கு மாற வேண்டும். தண்டு காய்ந்து வெடித்துவிட்டால் அந்தப் பயணமே நடக்காததற்குச் சமம்.

சேற்றுக்குள் என்னென்ன இருக்கும்? மகரந்தத்திலிருந்து தொடங்கலாம். அதன் மேலுறை எளிதில் அழியாது. பாறைத் துகளைக் கரைக்கும் ஐதரோபுளோரிக் அமிலத்தையும் தாங்கி நிற்கும். சுவீடனின் லெனார்ட் வான் போஸ்ட் 1916-இல் இன்றைய ஆஸ்லோவில் நிகழ்த்திய உரைதான் மகரந்த எண்ணிக்கையை ஒரு முறையாக நிலைநாட்டியது. அடுக்குக்கு அடுக்கு எந்தச் செடியின் மகரந்தம் எத்தனை விழுக்காடு என்று எண்ணினால் சுற்றியிருந்த தாவரங்களின் நிலை தெரியும். தாவரங்களிலிருந்து ஈரமும் வெப்பமும். லடாக் போன்ற குளிர்ப் பாலையில் இரண்டு கூட்டங்களை ஒப்பிடுவார்கள். மாசிபத்திரி இனச் செடிகளுக்கு ஓரளவு ஈரம் வேண்டும். சக்கரவர்த்திக் கீரையின் குடும்பத்தைச் சேர்ந்த புதர்கள் வறட்சியையும் உப்பையும் தாங்கும். முன்னதன் பங்கு கூடினால் ஈரம் கூடியது என்று கொள்வது வழக்கம்.

இங்கேயே முதல் கண்ணி இருக்கிறது. லடாக் ஏரிகளின் சேற்றில் பைன் மகரந்தம் கிடைக்கும். அந்த ஏரிகளின் கரையில் பைன் மரம் கிடையாது. இமயத்தின் தென்சரிவுக் காடுகளிலிருந்து காற்று சுமந்து வந்தது அது. பைன் விழுக்காடு உயர்ந்தால் தெற்கிலிருந்து பருவக்காற்று வலுவாக வீசியது என்று சொல்லலாம். உள்ளூர்ச் செடிகள் வறட்சியில் அழிந்துபோனதால் வெளியூர் மகரந்தத்தின் பங்கு மட்டும் பெரிதாகத் தெரிகிறது என்றும் சொல்லலாம். ஒன்று ஈரம், மற்றது வறட்சி. எண் ஒன்றே. இதைத் தீர்க்கத்தான், மாதிரியில் எண்ணிக்கை தெரிந்த வேற்றுச் செடியின் வித்துத்தூள் வில்லையைக் கலந்து, விழுக்காட்டோடு நிற்காமல் உண்மையான அளவையும் கணக்கிடுகிறார்கள். உள்ளூர் மகரந்தம் குறைந்ததா, வெளியூர் மகரந்தம் கூடியதா என்பது அப்போது பிரியும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சாட்சி: கைரோனோமிட் என்னும் பூச்சி. கொசுவைப் போலிருக்கும், கடிக்காது. இதன் புழு ஏரிச் சேற்றில் வாழும். சில இனங்கள் நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஈமோகுளோபின் காரணமாகச் சிவந்திருக்கும். வளரும்போது தோலுரிக்கும். அப்போது கழன்று விழும் தலையோடு கைட்டின் என்னும் உறுதியான பொருளால் ஆனது. பல்லாயிரம் ஆண்டு கிடக்கும். அதன் பல்வரிசையை நுண்ணோக்கியில் பார்த்தால் எந்த இனம் என்று தெரியும். குளிர்ந்த நீரை விரும்பும் இனங்கள் வேறு, இதமான நீரை விரும்புபவை வேறு. கடுங்குளிர் முதல் மிதவெப்பம் வரை உள்ள பல ஏரிகளின் இன்றைய மேற்சேற்றை எடுத்து, எந்த வெப்பத்தில் எந்தக் கூட்டம் வாழ்கிறது என்ற உறவைக் கணித வடிவில் எழுதிக்கொண்டால், பழைய அடுக்கில் கிடைக்கும் கூட்டத்தைக் கொண்டு அன்றைய கோடை வெப்பத்தைக் கணிக்கலாம். கனடாவின் இயன் வாக்கரும் அவரோடு உழைத்தவர்களும் 1991-இல் இதைத் துணிந்து செய்துகாட்டினார்கள். பிழை எல்லை ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை டிகிரி வரை இருக்கும். பனியூழி முடிந்த காலத்தின் பெரிய தாவல்களுக்கு இது போதும். கடந்த சில நூற்றாண்டுகளின் அரை டிகிரி அசைவுகளைப் பற்றிப் பேசும்போது கவனம் வேண்டும்.

இந்தப் பூச்சியை நம்பலாமா என்று சோதிக்க ஒரு நல்ல இடம் சில்ஸ்-மரியாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சில்வப்லானா ஏரி. ஆண்டடுக்கு உள்ள ஏரி. பக்கத்தில் 1864 முதலான பதிவு. சேறு சொல்லும் வெப்பத்தைக் கருவி சொன்ன வெப்பத்தோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகே ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிப் போனார்கள். இதுதான் ஒழுங்கான வரிசை. ஆனால் ஐரோப்பிய மலையேரிகள் பலவற்றில் இருபதாம் நூற்றாண்டில் கழிவுநீரும் உரமும் கலந்தன. ஊட்டம் கூடினால் உயிர்வளி குறையும். பூச்சிக் கூட்டம் அதற்கும் மாறும். ஆகவே நாம் ஒப்பிட்டுப் பார்க்கக் கருவிப் பதிவு இருக்கும் அதே காலம்தான் மனிதக் கை மிகுதியாகப் பட்ட காலமும். இந்த இடரிலிருந்து அத்தகைய எந்த ஏரியும் எளிதில் தப்புவதில்லை.

நார்வேயின் மேற்குக் கடலோரத்தில் கிரோக்கெனஸ் என்று ஒரு சிறிய ஏரி உண்டு. ஹிலரி பர்க்ஸ் தலைமையில் பல துறையினர் பல்லாண்டுகள் உழைத்த இடம். இன்றைக்கு 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன்பு வரை, இளம் டிரையாஸ் என்று பெயர்பெற்ற கடுங்குளிர்க் காலம் வட அட்லாண்டிக் கரைகளைப் பிடித்தது. டிரையாஸ் என்பது துந்திர நிலத்தில் பூக்கும் ஒரு வெள்ளைப்பூச் செடி. அதன் இலைகள் டென்மார்க்கின் களிமண் குழிகளில் கிடைத்ததால் வந்த பெயர். கிரோக்கெனஸில் அந்தக் குளிர் எப்படி வந்தது என்பதைச் சேற்றின் நிறத்திலேயே பார்க்கலாம். கீழே உயிர்ப்பொருள் மிகுந்த பழுப்புச் சேறு. அதன் மேல் சட்டென்று சாம்பல் நிற வண்டல். ஏரிக்கு மேலே மலைக்குழிவில் ஒரு சிறு பனியாறு புதிதாகப் பிறந்து, உருகுநீரோடு பாறைத் துகளை அனுப்பத் தொடங்கியதன் அடையாளம் அது. அதற்கும் மேலே மறுபடி பழுப்பு: பனியாறு மறைந்துவிட்டது. மகரந்தம், செடியின் விதை, இலைத்துண்டு, கைரோனோமிட் தலையோடு, நுண்பாசி என்று தனித்தனிக் குழுவினர் அதே தண்டில் வேலை செய்தார்கள். பூச்சி விரைந்து மாறியது, செடி மெதுவாகத் தொடர்ந்தது. பறக்கும் பூச்சிக்கு வெப்பம் மாறினால் உடனே வந்து குடியேற முடியும். மரத்துக்கு விதை வர வேண்டும், மண் பண்பட வேண்டும். சாட்சிகள் முரண்படுவதாகத் தோன்றியது உண்மையில் அவரவர் வேகத்தின் வேறுபாடு. ஒரே சாட்சியை வைத்து வெப்பக் கோடு வரைந்து நிறுத்தியிருந்தால் இது தெரிந்திருக்காது.

இனி லடாக்குக்கு வருகிறேன். 1932-இல் யேல் பல்கலைக்கழகத்தின் வட இந்தியப் பயணக்குழு ஹெல்முட் டி டெரா தலைமையில் அங்கே சென்றது. உயிரியலாளராகப் போனவர் ஜி. ஈவ்லின் ஹட்சின்சன், பின்னாளில் ஏரியியலின் பெரும் ஆசானாக மதிக்கப்பட்டவர். பாங்கோங் முதலிய ஏரிகளைச் சுற்றிலும், இன்றைய நீர்மட்டத்துக்கு மேலே மலைச்சரிவில் பழைய கரைக்கோடுகள் படிப்படியாகத் தெரியும். அந்த ஏரிகள் ஒரு காலத்தில் மிக நிறைந்திருந்தன என்பதைக் கண்ணாலேயே காணலாம். டி டெராவும் ஹட்சின்சனும் 1934-இல் இந்த ஏரிகள் காட்டும் தட்பவெப்ப மாற்றத்தைப் பற்றி எழுதினார்கள். எப்போது நிறைந்திருந்தன என்று சொல்ல அன்று வழி இல்லை.

அவற்றுள் சோ மோரிரி ஏரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 4,500 மீட்டருக்குச் சற்று மேல் உயரம், நூறு மீட்டரைத் தாண்டும் ஆழம். கரையில் கோர்ஸோக் கிராமமும் மடமும்; சுற்றிலும் சாங்பா மக்களின் மேய்ச்சல் நிலம். 2002 முதல் ராம்சார் ஈரநிலம். இந்த ஏரி ஒருகாலத்தில் தென்முனையில் வழிந்து சட்லஜ் ஆற்றுத் தொகுதிக்கு நீர் தந்தது. இன்று வெளியேற்றம் இல்லை. வரும் நீர் ஆவியாகத்தான் போக வேண்டும். அதனால் நீர் சற்று உவர்ப்பு. அடியில் சுண்ணச் சேறு படிகிறது. அந்தச் சுண்ணத்தில் ஆக்சிஜன் அணுவின் இருவகை, எடை 16-உம் எடை 18-உம், என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளக்கிறார்கள். எடை குறைந்தது முந்தி ஆவியாகும். எனவே ஏரி வற்றினால் எடை மிகுந்தது தேங்கும். மகரந்த ஆய்வு 2014-இலும், சுண்ணத்தின் ஐசோடோப்பு ஆய்வு 2015-இலும் வெளிவந்தன. இரண்டும் ஒரு பெரிய கோட்டில் ஒத்துப்போகின்றன: ஏறத்தாழ 11,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன்பு வரை ஈரம் மிகுதி, பிறகு படிப்படியான தளர்வு, கடந்த நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் தெளிவான வறட்சி.

காரணம் வானத்தில் இருக்கிறது. பூமி இன்று ஜனவரித் தொடக்கத்தில் சூரியனை நெருங்குகிறது. அச்சின் மெதுவான சுழற்சியால், ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பு வடகோளத்தின் கோடையில் நெருங்கியது. ஜான் கட்ஸ்பாக் 1981-இல் கணினி மாதிரியில் 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய நிலையை வைத்துப் பார்த்தார்: கோடையில் வடகோளத்துக்குக் கிடைத்த கதிர் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல், ஆசியப் பெருநிலம் மிகச் சூடாகி, பருவக்காற்று வலுத்தது. அரபிக்கடல் அடிப்படிவும் குகைச் சுண்ணப்படிவும் லடாக் ஏரியும் வெவ்வேறு வழியில் இதையே சொல்கின்றன. இந்த அளவில் நான் ஐயப்படவில்லை.

நுணுக்கத்தில் இறங்கும்போதுதான் ஐயம் வருகிறது. சோ மோரிரியின் சுண்ணத்தில் எடை குறைந்த ஆக்சிஜன் மிகுந்திருந்தால், பருவமழை பெருகியது என்று பொருள்கொள்ளலாம். ஆனால் பனியாற்றின் உருகுநீரும் எடை குறைந்த ஆக்சிஜனையே கொண்டுவரும். 11,000 ஆண்டுகளுக்கு முன்பு மழையும் கூடியது, வெப்பமும் கூடி, பனியூழி விட்டுச்சென்ற பனியாறுகளும் உருகின. ஏரியை நிறைத்தது வானமா, மலையா? குளிர்காலத்தில் மத்தியதரைக்கடல் பக்கமிருந்து மேற்குக் காற்று கொண்டுவரும் பனிப்பொழிவு வேறு இருக்கிறது. இன்றைய லடாக் மக்களுக்கு இந்த வேறுபாடு உயிர்ப்பிரச்சினை. மழையால் நிறைந்த ஏரி மழை வந்தால் மறுபடி நிறையும். சேமிப்புப் பனி உருகி நிறைந்த ஏரி, அந்தப் பனி தீர்ந்ததும் இறங்கத் தொடங்கும். இன்று உருகுநீரால் சில உயர்மலை ஏரிகள் பெருகுவதைப் பார்த்து, நீர்வளம் கூடிவிட்டது என்று யாரும் மகிழ்ந்துவிடக் கூடாது.

இனிக் காலக்கணக்கு. ஐம்பதாயிரம் ஆண்டுக்குட்பட்ட சேற்றுக்குக் கதிரியக்கக் கார்பனே முதன்மைக் கருவி; வில்லார்டு லிப்பி 1949-இல் நிறுவியது. செடி காற்றிலிருந்து கார்பனை வாங்குகிறது, இறந்ததும் வாங்குவது நிற்கிறது, உள்ளே உள்ள கார்பன்-14 பாதியாவதற்கு 5,730 ஆண்டு. ஆனால் ஏரிநீரில் வாழும் பாசி காற்றிலிருந்து மட்டும் கார்பனை வாங்குவதில்லை. சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறை கரைந்த நீரிலிருந்தும் வாங்குகிறது. அந்தப் பாறையின் கார்பன் கோடிக்கணக்கான ஆண்டுப் பழையது. அதில் கார்பன்-14 துளியும் மிஞ்சியிருக்காது. ஆகவே நேற்று இறந்த பாசி ஆயிரக்கணக்கான ஆண்டு வயதுடையதாகக் கணக்கில் வரும். லடாக், திபெத் ஏரிகளில் இந்தப் பிழை ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஏரிக்கு ஏரி மாறுகிறது. ஒரே ஏரியில் காலத்துக்குக் காலம் மாறியிருக்கவும் கூடும். நிலத்துச் செடியின் இலைத்துண்டு கிடைத்தால் சிக்கல் தீரும். கிரோக்கெனஸில் குட்டை வில்லோ இலைகள் ஏராளமாகக் கிடைத்தன. அதனால்தான் அங்கே காலக்கணக்கு அவ்வளவு உறுதி. மரமே இல்லாத லடாக் ஏரிக்கரைகளில் இலைக்கு எங்கே போவது? ஆண்டடுக்கும் இல்லை, இலையும் இல்லை. நமக்கு மிகவும் வேண்டிய ஏரிகளில்தான் கடிகாரம் மிகவும் பழுதாக இருக்கிறது.

கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுக்கு மட்டும் வேறு நல்ல வழி உண்டு. பாறையிலிருந்து கசியும் ரேடான் வளி காற்றில் சிதைந்து காரீயம்-210 ஆகி, மழையோடும் பனியோடும் ஏரியில் இறங்குகிறது. அதன் அரையாயுள் ஏறத்தாழ 22 ஆண்டு. இதை ஏரிச் சேற்றுக்குப் பயன்படுத்தலாம் என்று 1971-இல் காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் எஸ். கிருஷ்ணசுவாமி. உடனெழுதியோர் தேவேந்திர லாலும் இரண்டு பிரெஞ்சு அறிஞர்களும். ஐரோப்பாவின் லெமான், பாவின் ஏரிகளோடு ஜம்முவின் மான்சர் ஏரியையும் ஆராய்ந்தார்கள். உலகில் எங்கே ஏரிச் சேற்றின் அண்மைக் காலத்தைக் கணித்தாலும் இந்த வழியைத்தான் நாடுகிறார்கள். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் கிருஷ்ணசுவாமியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு, அணுகுண்டுச் சோதனைகள் உச்சத்திலிருந்த காலத்தின் சீசியம்-137 சேற்றில் 1963-ஐ ஒரு கூரிய முகடாகக் காட்டும். இரண்டும் ஒத்துப்போனால் அந்த மேற்பகுதிக் கணக்கை நம்பலாம்.

கடிகாரம் பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். இது மலை ஏரியில் தொடங்கவில்லை, இராஜஸ்தானின் உப்பேரிகளில் தொடங்கியது. குர்தீப் சிங் 1971-இல், அந்த ஏரிகளின் மகரந்தத்தைக் கொண்டு, சிந்துவெளி நகரங்கள் ஈரமான காலத்தில் தழைத்து, வறட்சி வந்ததும் தளர்ந்தன என்று எடுத்துரைத்தார். முன்னோடியான ஆய்வு, மிக விரிவாகப் பரவியது. 1999-இல் யெகூதா என்செலும் உடனாய்வாளர்களும் லூண்கரன்சர் ஏரியை மறுபடி, கூடுதல் காலக்கணிப்புகளோடு ஆராய்ந்தபோது, சிந்துவெளி நகரங்கள் எழுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முன்பே அந்த ஏரி வற்றிவிட்டது என்று தெரிந்தது. அதாவது அந்த மக்கள் வறண்ட காலத்திலேயே நகர் கட்டித் தழைத்திருக்கிறார்கள்.

பிறகு வாதம் மறுபடி திரும்பியது. மேகாலயாவின் மாம்லூ குகைச் சுண்ணப்படிவில் 4,200 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை தளர்ந்த அடையாளம் கிடைத்தது. யுரேனியம்-தோரியம் முறையில் காலம் கணிக்கப்பட்டதால் அந்தப் படிவு மதிப்புப் பெற்றது. 2018-இல் நிலவியல் கால அட்டவணையில் மேகாலயன் என்று ஒரு காலப்பிரிவே அதை அளவுகோலாகக் கொண்டு ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் சோ மோரிரிச் சேற்றை ஆராய்ந்த குழுவினர், ஏறத்தாழ 4,350 முதல் 3,450 ஆண்டுகளுக்கு முன்பு வரை நீண்ட வறட்சி நிலவியது என்றும், அது சிந்துவெளி மக்கள் இடம்பெயர்ந்த காலத்தோடு ஒத்துவருகிறது என்றும் எழுதினார்கள்.

கவர்ச்சியான ஒற்றுமை. நான் இதை மறுக்கவில்லை. ஆனால் பழைய கார்பன் ஆயிரக்கணக்கில் பிழை தரக்கூடிய ஏரியில், தொடக்கத்தையும் முடிவையும் நூறாண்டுத் துல்லியத்தோடு வரலாற்றோடு பொருத்தும்போது, பொருத்துவது சேறா, நம் எதிர்பார்ப்பா என்று கேட்டாக வேண்டும். நகரங்கள் தளர்ந்த காலம் ஏற்கெனவே நமக்குத் தெரியும். தெரிந்த தேதிக்கு அருகே ஒரு வளைவு வந்தால் கண் அங்கே போய் நிற்கும். ஒரு சமூகம் மழை குறைந்ததும் கலைந்துவிடும் பொருளுமல்ல. பயிரை மாற்றுவார்கள், கிணறு தோண்டுவார்கள், கிழக்கே நகர்வார்கள். சேறு மழையைப் பற்றித்தான் பேசும். மக்கள் என்ன செய்தார்கள் என்பதைத் தொல்லியல்தான் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேலே, சோலையும் புல்வெளியும் மாறி மாறி வரும் மேட்டுநிலத்தின் சதுப்புகளில் மட்கு அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கிறது. ஆர். சுகுமார், ஆர். இரமேஷ், ஆர். கே. பந்த், ஜி. இராஜகோபாலன் ஆகியோர் 1993-இல் நேச்சர் இதழில் அந்த மட்கின் கார்பன் ஐசோடோப்புகளைக் கொண்டு கடந்த 20,000 ஆண்டுகளின் கதையை எழுதினார்கள். சோலை மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் கார்பனை வாங்கும் வழி வேறு. அந்த வேறுபாடு மட்கில் தங்கிவிடுகிறது. பனியூழியின் உச்சத்தில் வறட்சியைத் தாங்கும் புல் ஓங்கியிருந்தது. பருவமழை வலுத்தபோது ஈரம் விரும்பும் தாவரங்கள் பெருகின. லடாக்கில் ஏரி நிறைந்ததும் உதகையில் தாவரங்கள் மாறியதும் ஒரே காற்றின் இரு முனைகள். இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பனியூழியில் காற்றில் கார்பன் டைஆக்சைடு பத்து இலட்சத்துக்கு 190-ஐ ஒட்டி, மிகக் குறைவாக இருந்தது. அந்தக் குறைவே அவ்வகைப் புல்லுக்குச் சாதகம். புல் பெருகியதில் எவ்வளவு வறட்சியால், எவ்வளவு காற்றால் என்று பிரிக்க வேறு சான்றுகள் தேவைப்படுகின்றன. நீலகிரியின் சதுப்புகளில் பல தேயிலைக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் வடிக்கப்பட்டுவிட்டன. மிஞ்சியவற்றைக் காப்பது இன்றே செய்யக்கூடிய வேலை.

கடைசியாக, சேற்றால் இப்போதே பயன் கிடைக்கக்கூடிய ஒரு கேள்வி. 2010 ஆகஸ்ட் 5 இரவு லே நகரில் மேகவெடிப்பு நிகழ்ந்தது. ஆண்டு முழுவதும் சேர்ந்து நூறு மில்லிமீட்டரை ஒட்டியே மழை பெறும் ஊர். வெள்ளமும் சேறும் வீடுகளை அடித்துச் சென்று இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதற்குமுன் இப்படி எத்தனை முறை நடந்தது? கருவிப் பதிவு சொல்லாது. ஆனால் இத்தகைய வெள்ளம் வந்து விழும் ஏரியில், அடியில் பருமணலும் மேலே போகப்போக நுண்களிமண்ணுமாக ஒரு தடித்த அடுக்கு படியும். நிலநடுக்கத்தில் ஏரிச்சரிவு சரிந்தாலும் ஏறத்தாழ அப்படியே படியும் என்பதால் இரண்டையும் பிரித்தறியக் கற்க வேண்டும். அதற்கு நாள் தெரிந்த ஒரு வெள்ளம் வேண்டும். 2010 நமக்கு அதைத் தந்திருக்கிறது. அந்த மழை விழுந்த வடிநிலங்களின் ஏரிகளில், காரீயம்-210-உம் சீசியமும் காலத்தைக் காட்டும் மேற்சேற்றில், அந்த ஆண்டின் அடுக்கைத் தேட வேண்டும். துகளின் பருமன் என்ன, எந்தப் பாறையிலிருந்து வந்தது, கரை மண்ணின் கரிமப்பொருள் எவ்வளவு கலந்தது என்று அதன் குணங்களை வரையறுக்க வேண்டும். அதோடு ஏரிக்குள் வண்டல் பொறிகளைத் தொங்கவிட்டு, வழக்கமான ஆண்டில் என்ன விழுகிறது என்பதையும் சில ஆண்டுகள் தொடர்ந்து அளக்க வேண்டும். அதற்குப் பிறகு கீழே இறங்கி, அதே குணமுள்ள அடுக்குகள் எத்தனை, அவை ஈரமான ஆயிரமாண்டுகளில் கூடுகின்றனவா, வெப்பமான நூற்றாண்டுகளில் கூடுகின்றனவா என்று எண்ணலாம். லே நகரின் ஓடைக்கரையில் எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று முடிவெடுப்பவருக்கு அந்த எண்ணிக்கை தேவைப்படுகிறது.